நியூட்ரலில் நின்றாலும் உறுமும் பைக்... யார் மீதாவது பழி போடும் முன் பார்க்க வேண்டிய 7 இடங்கள்!

காலை எட்டேகால் மணி. ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரம். மகள்தான் தினமும் கேட்டைத் திறந்துவிடுவாள். தாத்தா வண்டியை வெளியே எடுப்பார், இவள் கேட்டைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்வாள். இரண்டு வருடங்களாக நடக்கிற வழக்கம் இது.

அன்றைக்கு அவள் கேட்டின் கொண்டியை நீக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கியரைப் போட்டார். வண்டி 'டொக்' என்று ஒரு சத்தத்துடன் துள்ளி, நேராகக் கேட்டில் போய் இடித்தது. மகள் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டாள். கீழே வைத்திருந்த சாப்பாட்டுப் பை முன்சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் சிக்கி நசுங்கிப் போனது. டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சம் சாதம் வாசலெல்லாம் சிதறிக் கிடந்தது.

யாருக்கும் அடியில்லை. ஆனால், அந்தச் சாப்பாட்டுப் பை இருந்த இடத்திலிருந்து மகள் நின்ற இடத்துக்கு ஓரடி தூரம்தான்.

"கிளட்சை எப்பவும் போலத்தான்டா விட்டேன்" என்றார் அப்பா. நாங்கள் யாரும் நம்பவில்லை. அப்பாவுக்கு 69 வயது. தபால்காரராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சைக்கிளிலும் பைக்கிலும் மதுரையின் சந்து பொந்தெல்லாம் சுற்றியவர். ஆனாலும் வயதென்று ஒன்று இருக்கிறதே? "கை முன்ன மாதிரி நிக்கலை மாமாவுக்கு. இனிமே ஆட்டோ வெச்சுக்கலாம்" என்றாள் மனைவி. நானும் தலையாட்டினேன்.

அப்பா எதுவும் பேசவில்லை. வண்டிச் சாவியை ஹாலில் உள்ள ஆணியில் மாட்டினார். அடுத்த நான்கு நாள்கள் காய்கறிக் கடைக்கும் நூலகத்துக்கும் நடந்தே போய்வந்தார்.

ஐந்தாவது நாள், 'சும்மா நிற்கிற வண்டியை எதற்கு வைத்திருக்க வேண்டும்? விற்றுவிடலாம்' என்று நானே அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். 2003-ல் வாங்கிய 100 சிசி வண்டி. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது, ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வண்டி 'உர்ர்ர்' என்று உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். நான்தான் ரேஸ் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பச்சை விழுந்தது. முதல் கியரைப் போட்டு, எப்போதும் விடுகிற மாதிரி கிளட்சை விட்டேன். வண்டி துள்ளிக்கொண்டு முன்னால் நின்ற ஆட்டோவின் பம்பரைத் தொட்டு நின்றது.

எனக்கு 41 வயது. கை நடுக்கம் எதுவும் கிடையாது.

வண்டியை விற்கப் போகவில்லை. நேராக கே.புதூர் பக்கம் இருக்கும் பழைய மெக்கானிக் அண்ணன் பட்டறைக்கு விட்டேன். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அவரிடம் கற்றுக்கொண்டவையும், பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டவையும்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு வண்டியும் சும்மா நிற்கும்போது உறுமினால், இதைப் படித்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

ஐடிலிங் என்றால் என்ன?

ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் தானாக ஓடிக்கொண்டிருக்கும் வேகம்தான் ஐடிலிங். மெக்கானிக்குகள் 'ஸ்லோ' என்பார்கள். 'வண்டி ஸ்லோ நிக்கலை' என்றால், ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது என்று அர்த்தம். நம் பிரச்னை அதற்கு நேர் எதிரானது.

நம் ஊரில் ஓடும் 100 முதல் 150 சிசி பைக்குகளில், சூடான இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,500 சுற்றுகள் வரை ஓடினால் அது சரியான ஐடிலிங். உங்கள் வண்டிக்கான துல்லியமான அளவு, வாங்கும்போது கொடுத்த கையேட்டிலேயே இருக்கும்.

"மீட்டர்ல ஆர்.பி.எம் முள்ளே இல்லையே அண்ணே?" என்று கேட்டேன்.

"முள்ளு எதுக்குத் தம்பி? சமமான ரோட்டுல ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாம கிளட்சை மெதுவா முழுசா விடுங்க. வண்டி, ஒரு ஆளு நடக்குற வேகத்துல ஊர்ந்து போனா சரி. உங்களை இழுத்துக்கிட்டு ஓடுச்சுன்னா அது ஜாஸ்தி" என்றார்.

இதைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால், முன்னால் ஆளோ வண்டியோ இல்லாத காலி இடத்தில், பிரேக்கில் விரல் வைத்தபடி செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் கொஞ்சம் கூடுதலாக இருப்பது தவறில்லை. சோக் போட்டிருந்தால் அப்படித்தான் இருக்கும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் குளிர்ந்திருக்கும்போது தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் உறுமல் குறையவில்லை என்றால்தான் அது கோளாறு.

காற்று எந்த வழியாக வருகிறது?

பைக் இன்ஜினின் வேகத்தை முடிவுசெய்வது, உள்ளே போகும் காற்றின் அளவு. நாம் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது, கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடு என்ற சின்னக் கதவு மேலே தூக்கப்படுகிறது. காற்று கூடுதலாகப் போகிறது. அதற்கேற்ற பெட்ரோலும் சேர்ந்து போகிறது. கையை விட்டதும் ஸ்பிரிங் அந்தக் கதவை இறக்கிவிடுகிறது. ஆனால், முழுவதும் மூடினால் இன்ஜின் அணைந்துவிடும். அதனால், மயிரிழை அளவுக்குக் கதவு திறந்தே இருக்கும்படி ஒரு ஸ்க்ரூ அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதுதான் ஐடிலிங் ஸ்க்ரூ.

ஆக, வண்டி சும்மா நிற்கும்போது உறுமுகிறது என்றால், எந்த வழியாகவோ காற்று கூடுதலாக உள்ளே போகிறது. கதவு சரியாக மூடாமல் இருக்கலாம். அல்லது கதவு மூடியிருந்தும் சுவரில் எங்கோ விரிசல் இருக்கலாம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஏழு இடங்களும் எளிதாகப் புரியும்.

தொடங்கும் முன்...

* வண்டியைத் திறந்த வெளியில், சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூடிய கார் ஷெட்டுக்குள்ளோ, வீட்டு வராந்தாவுக்குள்ளோ இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, உயிருக்கே ஆபத்து.
* கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று, விளக்கை மட்டும் நம்பாமல் பின்சக்கரத்தைச் சுற்றியும் பாருங்கள்.
* குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சைலன்சர் சுடும்; சுற்றும் சக்கரத்தில் துப்பட்டாவும் வேட்டி முனையும் சிக்கும்.
* பக்கத்தில் பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் வேண்டாம்.

1. சோக்

சிரிக்காதீர்கள். பட்டறைக்கு வரும் பல வண்டிகளில் கோளாறே இதுதானாம். காலையில் ஸ்டார்ட் ஆவதற்காகப் போட்ட சோக்கை எடுக்க மறந்திருப்பார்கள். அல்லது எடுத்ததாக நினைத்திருப்பார்கள்; லீவர் பாதியில் நின்றிருக்கும். லீவர் கார்புரேட்டரிலேயே இருந்தால் அதை விரலால் முழுவதும் பழைய நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். ஹேண்டில்பாரில் சோக் லீவர் உள்ள வண்டிகளில், லீவர் திரும்பியிருந்தாலும் அதன் கேபிள் துருப்பிடித்து உள்ளே சிக்கியிருக்கலாம். சோக் போட்டபடியே ஓடும் வண்டியில் பெட்ரோல் வாசனையும் கறுப்புப் புகையும் சேர்ந்து வரும்.

2. ஆக்சிலேட்டர் கைப்பிடி

இன்ஜினை அணைத்துவிட்டு, கைப்பிடியை முழுவதும் முறுக்கிவிட்டுச் சட்டென்று விடுங்கள். 'டப்' என்று தானாகத் திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினாலோ, நடுவில் நின்றாலோ அங்கேதான் சிக்கல். புதிதாக மாட்டிய கிரிப் ரப்பர் சுவிட்ச் பெட்டியில் உரசலாம். மேலே போட்ட பஞ்சு உறை நழுவிப் போய்ச் சிக்கலாம். வண்டி ஒருமுறை கீழே விழுந்திருந்தால் ஹேண்டில்பாரின் முனை வளைந்து, கைப்பிடி அதில் தேய்ந்துகொண்டிருக்கலாம். ஆக்சிலேட்டர் பக்கம் மாட்டிய காய்கறிப் பையின் காது கூடக் கைப்பிடியை இழுத்துப் பிடிக்கும்.

3. ஆக்சிலேட்டர் கேபிள்

கைப்பிடியை லேசாக அசைத்தால், முதலில் ஒரு சின்ன லூஸ் தெரிய வேண்டும். பல பைக்குகளில் இது கைப்பிடியின் விளிம்பில் 2 முதல் 6 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். இந்த லூஸே இல்லை என்றால், கேபிள் எப்போதும் ஸ்லைடை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிளின் முனையில் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டைத் திருகி இதைச் சரிசெய்துவிடலாம்.

அடுத்தது, மெக்கானிக் அண்ணன் செய்து காட்டிய ஹேண்டில் டெஸ்ட். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹேண்டில்பாரை இடது கோடி வரைக்கும் வலது கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு பக்கம் திருப்பும்போது ரேஸ் ஏறினால், கேபிள் போகும் பாதை தவறு. டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நசுங்கியிருக்கலாம், அல்லது வேறு ஒயர்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கலாம். இதை அலட்சியம் செய்யாதீர்கள். யு டர்ன் போடும்போது வண்டி தானாக வேகமெடுப்பது இந்தக் கோளாறால்தான்.

கேபிளின் இழைகளில் ஒன்றிரண்டு அறுந்து பிசிறு தெரிந்தால், எண்ணெய் விட்டு ஓட்டாமல் மாற்றிவிடுவதே நல்லது. விலை அதிகமில்லை.

4. ஐடிலிங் ஸ்க்ரூ

எங்கள் வண்டியில் மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தன. மெக்கானிக் அண்ணன் குனிந்து கார்புரேட்டரைப் பார்த்தார். "இதை யாரு தம்பி இவ்வளவு முறுக்குனது?" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது.

இரண்டு மாதத்துக்கு முன், மழை நாளில், வண்டி சிக்னலுக்குச் சிக்னல் அணைந்துகொண்டே இருந்தது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. வழியில் இருந்த ஒரு கடையில் நிறுத்தினேன். அங்கிருந்த பையன் திருப்புளியை எடுத்து இரண்டு முறுக்கு முறுக்கினான். "ஸ்லோ ஏத்தி விட்டிருக்கேண்ணே, இனிமே ஆஃப் ஆகாது" என்றான். 20 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். உண்மையிலேயே அதன் பிறகு வண்டி அணையவே இல்லை. நானும் மறந்துபோனேன். மறுநாளிலிருந்து அப்பா அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐடிலிங் ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் ஸ்லைடு உயரும், ரேஸ் கூடும். வெளியே திருகினால் குறையும். நீங்களே செய்வதாக இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் செய்ய வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் சரியாக வைத்தால், சூடான பிறகு உறுமும். கால் சுற்று திருகுங்கள், சில விநாடிகள் காத்திருங்கள், ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கேளுங்கள், பிறகு அடுத்த கால் சுற்று.

அதன் பக்கத்திலேயே இன்னொரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றுகிற ஸ்க்ரூ அது. தெரியாமல் அதைத் திருகிவிட்டால் பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதை விட்டுவிடுங்கள்.

குறைத்தால் அணைகிறது... அங்கேதான் இருக்கிறது விஷயம்!

மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூவைச் சரியான அளவுக்கு இறக்கினார். இன்ஜின் நான்கு முறை இருமிவிட்டு அணைந்துபோனது. மீண்டும் ஸ்டார்ட் செய்தார், மீண்டும் அணைந்தது.

"பார்த்தீங்களா? காய்ச்சலுக்கு மருந்து குடுக்காம, தெர்மாமீட்டரை ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்றார்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை இறக்கியதும் வண்டி ஒழுங்காக ஓடினால், பிரச்னை அதோடு முடிந்தது. இறக்கியதும் அணைந்தால், உள்ளே வேறு ஏதோ கோளாறு இருக்கிறது. அதை மறைக்க யாரோ ரேஸை ஏற்றிவைத்திருக்கிறார்கள். அந்த உள்கோளாறு கீழே சொல்லும் மூன்று இடங்களில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

5. காற்றுக் கசிவு

கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் சிறு குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். இணைப்புகளில் காற்று புகாமல் இருக்க ஓ-ரிங், கேஸ்கட் வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் அந்தக் குழாயே ரப்பரால் ஆனது. இன்ஜின் சூட்டில் பல வருடங்கள் கிடந்து ரப்பர் காய்ந்து வெடிக்கும்; போல்ட்டுகள் லூஸாகும். அந்த விரிசல் வழியாக, ஸ்லைடைத் தாண்டி, கணக்கில் வராத காற்று உள்ளே போகும்.

இதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் ரேஸ் உடனே இறங்காது. மேலேயே தொங்கிக்கொண்டிருந்து, பிறகு மெதுவாக இறங்கும். சில நேரம் சும்மா நிற்கும்போதே ஏறி ஏறி இறங்கும்.

கண்டுபிடிக்க, சில மெக்கானிக்குகள் அந்த இணைப்பில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே கசிவு. வீட்டில் இதைச் செய்யாதீர்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும். இஸ்திரி போடும்போது பயன்படுத்தும் தண்ணீர் ஸ்ப்ரேயால் அந்த இணைப்பில் மட்டும் லேசாகத் தூவிப் பார்த்தாலே, கசிவு இருந்தால் ஒரு கணம் சத்தம் மாறும். பிளக், ஒயர் பக்கம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டியின் ஓ-ரிங்கை மெக்கானிக் அண்ணன் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். 20 வருடத்துக்கு மேலான ரப்பர். விரலால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது.

6. கார்புரேட்டரின் உள்ளே...

ஐடிலிங்கில் இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு. அதிலுள்ள துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. வண்டியைப் பல வாரங்கள் ஓட்டாமல் போட்டாலோ, டேங்கில் துரு இருந்தாலோ, மழைநீர் கலந்தாலோ முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். அடைபட்டால் ஸ்லோ நிற்காது. உடனே யாராவது ஐடிலிங் ஸ்க்ரூவை முறுக்குவார்கள். எங்கள் வண்டியில் இதுவும் பாதி அடைபட்டிருந்தது.

கிளீன் செய்யும்போது ஒரு கவனம் தேவை. ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பிறகு அந்த ஜெட்டை மாற்றத்தான் வேண்டும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து எடுப்பதே சரியான முறை.

சர்வீஸ் முடிந்து எடுத்த அன்றே வண்டி உறுமினால், ஸ்லைடைத் திருப்பி மாட்டிவிட்டார்களா என்று கேளுங்கள். அதில் ஒரு காடி இருக்கும். அது உரிய இடத்தில் உட்காராவிட்டால் ஸ்லைடு முழுவதும் இறங்காது. ஸ்டார்ட் செய்ததுமே வண்டி அலறும்.

7. பிளக், டேப்பட்

இவை நேரடியாக ரேஸை ஏற்றுவதில்லை. ஆனால், பிளக் கருகியிருந்தாலோ, டேப்பட் அளவுக்கு மேல் டைட்டாக இருந்தாலோ ஐடிலிங்கில் இன்ஜின் திணறி அணையும். அதைச் சரிசெய்வதற்குப் பதில் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டால், நாம் மறுபடி நான்காம் இடத்துக்கே வந்து நிற்போம். சர்வீஸுக்கு விடும்போது இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரையும் அப்போதே கிளீன் செய்துவிடலாம்.

புது வண்டிகளுக்கு வேறு வைத்தியம்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். அவற்றில் கார்புரேட்டர் கிடையாது. த்ராட்டில் பாடி இருக்கும். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை, சென்சார்கள் சொல்லும் தகவலை வைத்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவுசெய்யும்.

இந்த வண்டிகளிலும் கைப்பிடி, கேபிள், ஹேண்டில் டெஸ்ட், காற்றுக் கசிவு ஆகியவற்றை மேலே சொன்னபடியே பார்க்கலாம். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு சிக்கியிருக்கலாம். இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார் தவறான தகவல் தரலாம். சூடான இன்ஜினைக் குளிர்ந்திருப்பதாக அது சொன்னால், கம்ப்யூட்டரும் அதை நம்பி ரேஸை ஏற்றியே வைத்திருக்கும். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால், ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதே நல்லது. த்ராட்டில் பாடியில் கம்பெனி சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருக யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஸ்கூட்டர் இருக்கும் வீடுகளில் இரட்டைக் கவனம்!

பைக்கில் கிளட்ச் நம் கையில் இருக்கிறது. ஸ்கூட்டரில் அது தானியங்கி. இன்ஜின் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தானாகவே சக்கரத்தோடு இணைந்துவிடும். எனவே ஐடிலிங் அதிகமாக இருக்கும் ஸ்கூட்டர், ஸ்டாண்டை எடுத்ததுமே நகரத் தொடங்கும். நெரிசலில் பிரேக்கை விட்டால் முன்னால் நிற்பவர் மீது ஏறும். சென்டர் ஸ்டாண்டில், ஆக்சிலேட்டரைத் தொடாதபோது பின்சக்கரம் வேகமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் ஐடிலிங்கை உடனே பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது குழந்தையை முன்னால் நிற்கவைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் பால் வாங்குகிறீர்களா? தயவுசெய்து சாவியை எடுத்துவிடுங்கள். அந்தச் சின்னக் கைக்கு முதலில் எட்டுவது ஆக்சிலேட்டர்தான்.

ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கினால்..?

* முதலில் கிளட்சை முழுவதும் பிடியுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். சக்கரத்துக்கு விசை போவது நின்றுவிடும்.
* கில் சுவிட்ச் இருந்தால் அழுத்துங்கள். இல்லாத வண்டிகளில் சாவியை 'ஆஃப்' வரை மட்டும் திருப்புங்கள். 'லாக்' வரை போய்விடக் கூடாது.
* இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, சீராகப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.
* ஸ்கூட்டரில் கிளட்ச் லீவர் இல்லை. பிரேக்கைப் பிடித்தபடியே இன்ஜினை அணைக்க வேண்டும்.
* 'மெதுவா ஓட்டி வீட்டுக்குப் போயிடலாம்' என்று நினைக்காதீர்கள். தள்ளிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

ரேஸ் கூடினால் என்னவாம்?

'அணையாமல் ஓடுகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று பலரும் விட்டுவிடுகிறோம். நானும் விட்டேன். ஆனால், இதனால் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பெட்ரோல் வீணாகிறது. இன்ஜின் சூடேறுகிறது. ஒவ்வொரு முறை கியர் போடும்போதும் கியர் பல்லும் கிளட்ச் பிளேட்டும் அடிவாங்குகின்றன. ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டியின் வேகம் தானாகக் குறையுமே, அந்த இன்ஜின் பிரேக்கிங் பலவீனமாகிவிடும். நாம் பிரேக் பிடித்தாலும் இன்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பல வருடங்களாகப் பழகிய கையின் கணக்கு தப்பிப்போகும். ஒரே வண்டியை 20 வருடங்கள் ஓட்டியவரின் கைக்கு, கிளட்சை எவ்வளவு விட்டால் வண்டி எவ்வளவு நகரும் என்பது யோசிக்காமலே தெரியும். இன்ஜின் ரகசியமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டால், அதே கை அதே அளவு விட்டாலும் வண்டி துள்ளும். கை மாறவில்லை, வண்டிதான் மாறியிருக்கிறது.

அந்தச் சாவி...

ஓ-ரிங், கேஸ்கட், கார்புரேட்டர் கிளீனிங், பிளக், லேபர் எல்லாம் சேர்த்து 450 ரூபாய் ஆனது. ஸ்க்ரூவை இறக்கி, வண்டியை ஓட விட்டார் மெக்கானிக் அண்ணன். 'டுபு டுபு' என்று, பழைய நாள்களில் தெருமுனையில் கேட்டதும் 'அப்பா வந்துட்டாரு' என்று நாங்கள் ஓடிவருவோமே, அதே சத்தம்.

"ஐயாவைக் கேட்டதாச் சொல்லுங்க. ரொம்ப நாளா ஆளைக் காணோம்" என்றார் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஸ்லோ இறக்கியிருக்கா?"

"ஆமாப்பா. ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் ஏத்தி வெச்சுட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லவே இல்லை. உங்க கை மேல தப்பில்லைப்பா."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேடா" என்றார். அதில் கோபம் இல்லை. உடைந்த ஓ-ரிங்கை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு ஆணியில் சாவி இல்லை. ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்திருந்தார் அப்பா. பேத்தி கேட்டைத் திறந்து, ஓரமாகப் போய் நின்று "ரைட் தாத்தா!" என்று குரல் கொடுத்த பிறகுதான் கியரைப் போடுகிறார். வண்டி எவ்வளவு சரியாக இருந்தாலும், அந்த வழக்கம் எங்கள் வீட்டில் இனி மாறாது.

உங்கள் வீட்டிலும் 'அவருக்கு வயசாயிடுச்சு', 'அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியலை' என்று யாராவது யாரையாவது சொல்லிக்கொண்டிருந்தால், நாளைக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓட்டி, நியூட்ரலில் விட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பதில் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.